உள்ளத்திற்கு வினா, மூளையில் விடை

அவதானம் என்னும் அருங்கலை நம் முன்னோரால் பெரிதும் போற்றப்பட்டதொன்று. அவையின் நடுவே அவதானி அமர்ந்திருப்பார். ஒருவர் அவர் முதுகிற் சிறு கற்களை ஒவ்வொன்றாக எறிந்துகொண்டிருப்பார். ஒருவர் இடையிடையே மணி ஒலிப்பார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் பெருக்கற் கணக்குச் சொல்வார். மற்றொருவர் எதிரே இருந்து சதுரங்கம் ஆடுவார். முடிவில் கற்கள் எத்தனை, மணி எத்தனை முறை ஒலித்தது, கணக்கின் விடை யாது என்பனவற்றை அவதானி பிழையின்றிக் கூறி, வெண்பாவையும் நிறைவுசெய்வார். யாழ்ப்பாணத்து மேலைப்புலோலியிற் பிறந்து, திரு.வி. கலியாணசுந்தரனாருக்கு ஆசானாக விளங்கிய நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி எனப் புகழ்பெற்றவர். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள் 1907ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்திற் சதாவதானம் நிகழ்த்தினார்கள்.

இவ்வவையை உளவியல் மாணவன் ஒருவன் நோக்குவானாயின், அவனுக்கு அது ஒரு பரிசோதனைச் சாலையாகவே தோன்றும். வினவுவோர் பலர், விடையிறுப்போர் ஒருவர். எவ்வினா எப்பொழுது வரவேண்டும் என்னும் ஒழுங்கு உண்டு. விடைகளைச் சரிபார்க்கும் முறையும் உண்டு. கல்லெறிபவர் இரண்டு கற்களை ஒருங்கே எறிந்துவிட்டால் எண்ணிக்கையில் நேரும் பிழை அவதானியின் பிழையன்று, வினவியவரின் பிழையே. இவ்வுண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இன்று மனிதனின் மூளையைப் படம்பிடித்துக்கொண்டே அவன் உள்ளத்திற்கு வினாக்கள் விடுக்கப்படுகின்றன. அவற்றை உரிய கணத்தில் விடுப்பது கணினி மென்பொருள். அது செயற்படும் முறையையும், தமிழராகிய நாம் அதிற் கவனிக்கவேண்டியதையும் இக்கட்டுரையிற் கூறுவாம்.

நினைவின் நேரத்தை அளத்தல்

உள்ளத்தின் தொழிலை அளக்க முற்பட்டோருக்கு முதலிற் கைகொடுத்தது நேரமே. ஒல்லாந்து நாட்டு ஊட்ரெக்ட் நகரில் வாழ்ந்த தொண்டர்ஸ் என்னும் மருத்துவப் பேரறிஞர் 1868ஆம் ஆண்டில் ஓர் எளிய வழியை வெளியிட்டார். ஓர் அடையாளம் தோன்றியதும் கையை அசைக்க எடுக்கும் நேரம் ஒன்று. இரண்டு அடையாளங்களுள் எது தோன்றியது என்று தேர்ந்து, அதற்குரிய கையை அசைக்க எடுக்கும் நேரம் மற்றொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எஞ்சுவது தேர்தலுக்குச் சென்ற நேரம். ‘கழித்தல் முறை’ எனப்படும் இதுவே இன்றைய மூளைப் படமாக்கலுக்கும் அடித்தளமாகும்.

மாணவர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். நண்பர் ஒருவர் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை நிலைக்குத்தாகப் பிடித்து, முன்னறிவிப்பின்றிக் கைவிடட்டும். அதன் கீழ்நுனியருகே விரல்களை விரித்து வைத்திருக்கும் நீர் அதனைப் பற்றுக. விழுந்த தூரம் 20 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். தூரத்தை இருமடங்காக்கிப் புவியீர்ப்பு ஆர்முடுகலாகிய 9.8ஆல் வகுத்து வர்க்கமூலம் காணின், ஏறத்தாழ 0.20 செக்கன் என வரும். இனி நண்பர் இரு கைகளிலும் இரண்டு அடிமட்டங்களைப் பிடித்து, ஏதேனும் ஒன்றை மாத்திரம் விடட்டும். நீர் அதற்குரிய கையாற் பற்றுதல் வேண்டும். இம்முறை தூரம் 28 சென்ரிமீற்றராயின், நேரம் ஏறத்தாழ 0.24 செக்கன். வேறுபாடு 0.04 செக்கன், அஃதாவது 40 மில்லிசெக்கன். வலமோ இடமோ என்று தேர்வதற்கு உம் உள்ளம் கொண்ட காலம் அதுவே. பலமுறை செய்து சராசரி காண்பது நன்று.

குருதி கூறும் செய்தி

நேரம் அளக்கப்பட்டது, ஆனால் இடம் யாது? மூளையின் எப்பகுதி தொழில் செய்கின்றதோ அப்பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாயும் என்பதை 1890ஆம் ஆண்டில் ரோய், செறிங்டன் என்னும் ஆங்கில உடற்றொழிலியலறிஞர் இருவர் எடுத்துரைத்தனர். 1936ஆம் ஆண்டில் லைனஸ் போலிங்கும் கொறியெல்லும் வேறோர் உண்மையைக் கண்டனர். ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் காந்தத்தால் மெல்ல ஈர்க்கப்படுவது. ஒட்சிசனை ஏற்றிருக்கும் ஈமோகுளோபின் அவ்வாறு ஈர்க்கப்படுவதில்லை. இவ்விரு உண்மைகளையும் இணைத்துப் பயன்கொண்டவர் யப்பானியரான செய்ஜி ஓகாவா. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவர், குருதியின் ஒட்சிசன் நிலைக்கேற்பக் காந்தப் பரிவுப் படத்தின் ஒளிர்வு மாறுவதை 1990இல் விளக்கினார். 1992ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் மனிதரில் இதனை நிலைநாட்டின. தொழிற்பாட்டுக் காந்தப் பரிவுப் படமாக்கல் எனப்படும் முறை இதுவே. ஊசியோ கதிரியக்கப் பொருளோ இதற்குத் தேவையில்லை.

மூளையின் ஒரு பகுதி தொழிற்படத் தொடங்கியதும், அது செலவிடும் ஒட்சிசனுக்கு மேலாகவே புதுக்குருதி அங்கு வந்து நிறைகின்றது. ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபினின் விகிதம் குறையவே, அப்பகுதியின் சமிக்ஞை சற்று உயருகின்றது. இவ்வுயர்வு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையே. அதுவும் உடனே தோன்றுவதில்லை. ஐந்து அல்லது ஆறு செக்கன் கழித்தே உச்சத்தை அடைந்து, பின் மெல்லத் தணிகின்றது. விதை இட்ட நாளிலே முளையைத் தேடுதல் கூடாதவாறு, வினா விடுத்த கணத்திலே குருதியின் மறுமொழியைத் தேடுதலும் கூடாது. வினா விடுத்த கணம் துல்லியமாகத் தெரிந்தாலன்றி அதன் விடை எதுவென்று அறிதல் இயலாது.

வினவும் மென்பொருள்

படமாக்கும் இயந்திரத்தின் காந்தம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 தெசலா வலிமையுடையது. மூன்று தெசலா என்பது புவிக்காந்தத்தினும் 50,000 மடங்குக்கு மேற்பட்டது. ஆகவே கணினியை அறைக்குள் வைத்தல் ஆகாது. அது பக்கத்து அறையில் இருக்கும். படுத்திருப்பவருக்குத் தலைக்கு மேலுள்ள சிறு கண்ணாடியின் வழியாகத் திரை தெரியும். காதடைப்பான்கள் இயந்திரத்தின் பேரொலியைத் தடுக்கும். ஒளியிழை இணைத்த, காந்தத்தால் ஈர்க்கப்படாத பொத்தான்களைக் கையிற் கொடுப்பர். தலையை அசைத்தாற் படம் கெடுமாதலால், விடையைப் பெரும்பாலும் வாயாற் கூறாமல் விரலாலோ மனத்தாலோ கூறுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருங்கியக்குவது பரிசோதனை மென்பொருள். டேவிட் பிரெயினாடும் டெனிஸ் பெல்லியும் 1997இல் வெளியிட்ட கட்டுரைகளால் அறிமுகமான ‘சைக்டூல்பொக்ஸ்’ ஒன்று. இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோனதன் பியர்ஸ் 2007இல் விவரித்த ‘சைக்கோபை’ மற்றொன்று. இவற்றுட் ‘சைக்கோபை’ விலையின்றிக் கிடைப்பது. ஏழை மாணவனும் தன் கணினியில் ஏற்றிப் பழகலாம். ‘ஈ-பிரைம்’, ‘பிரசன்டேசன்’ என விலைக்குக் கிடைப்பனவும் உள.

எடுத்துக்காட்டாக, வாசித்தல் மூளையின் எப்பகுதியில் நிகழ்கின்றது என்று அறிய விரும்புகின்றோம் என வைத்துக்கொள்வோம். மென்பொருளுக்கு நாம் எழுதும் ஒழுங்கு பின்வருமாறு அமையும்:

1. இயந்திரத்திலிருந்து முதல் மின்துடிப்பு வரும்வரை காத்திரு. வந்ததும் கடிகாரத்தைச் சுழியத்தில் வைத்துத் தொடங்கு.

2. 30 செக்கன் வரை, செக்கனுக்கு ஒன்றாகச் சொற்களைக் காட்டு.

3. அடுத்த 30 செக்கன் வரை, அச்சொற்களையொத்த நீளமும் கருமையும் உடைய, பொருளற்ற குறிகளைக் காட்டு.

4. இவ்விரண்டையும் ஐந்து முறை மாறி மாறிச் செய்.

5. ஒவ்வொன்றும் திரையிற் தோன்றிய நேரத்தையும், பொத்தான் அழுத்தப்பட்ட நேரத்தையும் பதிந்து வை.

மொத்தம் 300 செக்கன். இரண்டு செக்கனுக்கு ஒரு முறை முழு மூளையும் படமாக்கப்படின் 150 படங்கள் கிடைக்கும். சொற்களின்போது எழுந்த சமிக்ஞையிலிருந்து குறிகளின்போது எழுந்ததைக் கழித்தல் வேண்டும். கண்ணாற் பார்த்தல் இரண்டிற்கும் பொதுவாகலின் அது நீங்கும், வாசித்தலுக்குரியது எஞ்சும். தொண்டர்ஸ் நேரத்திற் செய்த கழித்தலை நாம் இடத்திற் செய்கின்றோம். சொற்களுக்கு எதிராக வெறுந்திரையை வைத்திருந்தால் எஞ்சுவது வாசித்தலா, வெறும் பார்வையா என்று கூற இயலாது. எதனைக் கழிப்பது என்று தேர்வதிலேயே ஆய்வாளனின் அறிவு புலப்படும்.

ஒரு சிறு பிழையின் வளர்ச்சி

திரை செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதாயின், ஒரு புதுப்பித்தலுக்கு 16.7 மில்லிசெக்கன் ஆகும். ஒரு செக்கன் நிற்கவேண்டிய சொல், மென்பொருளின் கவனக்குறைவால் ஒரு புதுப்பித்தல் கூடுதலாக நின்றுவிட்டது என்க. கண்ணுக்கு அது தெரியாது. ஆயினும் 300 காட்சிகளிலும் அது நேருமாயின், 16.7ஐ 300ஆற் பெருக்க ஏறத்தாழ 5,000 மில்லிசெக்கன், அஃதாவது முழு ஐந்து செக்கன் வரும். இயந்திரமோ தன் ஒழுங்கில் தவறாது படம் எடுத்துக்கொண்டிருக்கும். முடிவில், குறிகளுக்குரிய நேரம் என்று நாம் கருதும் வேளையில் திரையிற் சொற்களே நிற்கும். குருதியின் மறுமொழி உச்சமடையும் காலமும் ஏறத்தாழ ஐந்து செக்கனே என்பதை நினைவுகூர்ந்தால், இப்பிழை எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒவ்வொரு காட்சியையும் அதற்கு முந்திய காட்சி முடிந்த நேரத்திலிருந்து கணக்கிடாது, தொடக்கத்தில் வைத்த ஒரே கடிகாரத்திலிருந்து கணக்கிடுதல் வேண்டும். அப்பொழுது ஒன்றிற் தோன்றிய பிழை அடுத்ததற்கு ஏறாது. புகைவண்டி ஒரு நிலையத்திற் சற்றுப் பிந்தினும், அடுத்த நிலையத்திலிருந்து கால அட்டவணைப்படியே புறப்படுவது போன்றது இது.

தமிழில் வினவுதல்

1935ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்ட்ரூப் வெளியிட்ட பரிசோதனை யாவரும் அறிந்ததொன்று. ‘சிவப்பு’ என்னும் சொல்லை நீல மையில் எழுதி, மையின் நிறம் யாதென வினவினால், விடை கூறுபவர் தடுமாறித் தாமதிப்பர். வாசித்தல் அத்துணை தானாகவே நிகழ்வதாகிவிட்டது. வெள்ளவத்தையிலே காலி வீதியில் நடப்பவர்க்கு இது புதிதன்று. மூன்று எழுத்துக்களில் எழுதிய பெயர்ப்பலகைகளுள் எதனை வாசிப்பது என்று நாம் தேர்வதில்லை, கண் தானே சென்று ஒன்றைப் பற்றிக்கொள்ளும்.

இப்பரிசோதனையைத் தமிழிற் செய்யப் புகுவோர் மொழிபெயர்ப்பு மாத்திரம் போதும் என்று எண்ணுதல் தவறு. ‘நீலம்’, ‘பச்சை’ என்பன மூன்றெழுத்துச் சொற்கள். ‘சிவப்பு’, ‘மஞ்சள்’ என்பன நான்கெழுத்துச் சொற்கள். திரையில் அவை அடைக்கும் அகலமும் வேறு. இவ்வேறுபாடுகளைச் சமன்செய்யாவிடின், நீளத்தின் விளைவை நிறத்தின் விளைவென மயங்க நேரிடும். இன்னுமொன்று: ‘கொ’ என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. இவற்றைச் சேர்த்தெழுத அறியாத மென்பொருள், கொம்பையும் காலையும் பிரித்து இடையே புள்ளிவட்டத்தை இட்டுவிடும். படுத்திருப்பவர் வாசிக்க முயலாது, இது யாது பிழை என்று எண்ணிக்கொண்டிருப்பார். சொல்லை முன்னரே படமாக அமைத்துக் காட்டுவது இதற்குத் தக்க வழியாகும்.

சொல்லிலும் இடவேறுபாடு உண்டு. சென்னையிற் தொகுத்த பட்டியல் ‘நாற்காலி’ என்னும். நம்மவர் ‘கதிரை’ என்பர். அவர் ‘ஆரஞ்சு’ என்பதை நாம் ‘தோடம்பழம்’ என்போம். படத்தைக் காட்டிப் பெயர் கேட்குங்கால் இரண்டையும் சரியெனக் கொள்ளல் வேண்டும். சொல்லைக் காட்டுங்கால் கேட்கப்படுபவர் நாவிற் பழகிய சொல்லையே காட்டல் வேண்டும்.

வட இந்தியாவில் இலக்னோ நகரை அடுத்த கிராமங்களில் எழுத்தறியாதாரையும் எழுத்தறிந்தாரையும் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகள் ஈண்டு நினைக்கத்தக்கன. ஹியூட்டிக், ஹெர்வே-அடெல்மன் முதலியோர் இந்திய அறிஞருடன் சேர்ந்து 2017இலும் 2019இலும் முடிவுகளை வெளியிட்டனர். கற்பித்தது தேவநாகரி, வினவியது அம்மக்களின் மொழியில். முகங்களை அறியும் திறன் முதலியவற்றிற்குரிய இடத்தை எழுத்து பறித்துக்கொள்ளும் என்னும் கருத்துக்கு மாறாக, அவற்றைக் குறைக்காமலே வாசித்தல் மூளையில் இடம்பெறுகின்றது என்று அவர்கள் கண்டனர். மேனாட்டு மாணவரை மாத்திரம் ஆராய்ந்திருந்தால் இதனைக் கண்டிருத்தல் அரிது.

ஒரு தாயின் நிகழ்ச்சி

இம்முறை அறிஞரின் ஆராய்ச்சிக்கு மாத்திரம் உரியதன்று. மூளையில் கட்டி வளர்ந்து அதனை அகற்றவேண்டிய வேளையில், பேச்சுக்குரிய பகுதி எத்துணை அணித்தாயுள்ளது என்று அறிவதற்கும் இது பயன்படுகின்றது. யான் நன்கறிந்த கொட்டாஞ்சேனைத் தாயொருவர் முதுமையில் மக்களுடன் கடல்கடந்த நாடொன்றில் வாழ்ந்தார். அவருக்கு இடப்பக்க மூளையின் முற்பகுதியில் கட்டி ஒன்று தோன்றியது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் அவரை இயந்திரத்துட் கிடத்தி, திரையிற் தோன்றும் பெயர்ச்சொல்லுக்குரிய வினைச்சொல்லை மனத்தில் நினைக்குமாறு கூறினர். சொற்கள் யாவும் ஆங்கிலம். அம்மையார் அமைதியாகப் படுத்திருந்தார், தலையையும் அசைக்கவில்லை. படத்தில் பேச்சுப் பகுதி தெளிவின்றி மங்கலாகவே தோன்றியது.

அறையிலிருந்து வந்தவரை மகள், “அம்மா, என்ன நினைச்சீங்கள்?” என்று கேட்டார். “நான் என்னத்தை நினைக்கிறது பிள்ளை? எல்லாம் இங்கிலிசெல்லோ. முருகனைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்” என்றார் தாயார். படம் பொய் கூறவில்லை. வினாவே அவரைச் சென்றடையவில்லை. அப்படத்தை நம்பியிருந்தால், பேச்சுப் பகுதி அங்கில்லை என்று எண்ணிக் கத்தி வைக்கவும் கூடும் அன்றோ?

மருத்துவர் இதனைக் கேட்டதும் மறுமுறை படமெடுக்க ஒழுங்குசெய்தார். அன்றிரவு மகள் அடுக்களையில் அமர்ந்து முப்பது சொற்களை எழுதினார். உலக்கை, சுளகு, அகப்பை, ஊசி, விளக்குமாறு என்றிவ்வாறு அத்தாயின் கைபட்ட பொருள்களின் பெயர்கள். உலக்கை என்றதும் இடித்தலும், சுளகு என்றதும் புடைத்தலும் அவருக்குத் தேடாமலே வரும். அச்சொற்களைப் படங்களாக்கி மென்பொருளில் ஏற்றினர். இம்முறை படம் தெளிவாக அமைந்தது. அதனை ஒரு வழிகாட்டியாகக் கொண்டு, நோயாளி விழித்திருக்கவே பேசச்செய்து, மின்தூண்டலால் இடத்தை உறுதிசெய்த பின்னரே கட்டியை அகற்றினர். அதன்பின் அவர் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். இறுதிவரை பேரப்பிள்ளைகளுடன் தமிழிற் பேசினார். ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆகாது எனினும், வினவும் மொழி எத்துணை இன்றியமையாதது என்பதை எனக்கு உணர்த்தியது இதுவே.

எல்லை அறிதல்

வண்ணப் படங்களைக் கண்டு மயங்குதலும் கூடாது. 2009ஆம் ஆண்டில் பெனெற் முதலிய ஆய்வாளர் இறந்த சல்மன் மீன் ஒன்றை இயந்திரத்துள் வைத்து, மனிதர் படங்களைக் காட்டி, அம்மனிதரின் உணர்ச்சி யாதென வினவினர்! பல்லாயிரம் புள்ளிகளைத் தனித்தனியே சோதித்து, தற்செயலுக்குரிய திருத்தம் செய்யாதுவிடவே, மீனின் மூளையிலும் சில புள்ளிகள் ‘தொழிற்பட்டன’. திருத்தம் செய்ததும் அவை மறைந்தன. கணக்கியல் ஒழுங்கு தவறின் பிணமும் பேசும் என்பதற்கு இது சான்று. மேலும், ஓர் இடம் ஒளிர்வதைக் கொண்டு ஒருவர் இன்னதை நினைக்கின்றார் என்று துணிதல் இயலாது. ஒரே இடம் பல தொழில்களுக்கு உதவும்.

முடிவுரை

அவதானியின் திறமையை அவை அறிவதற்கு நல்ல வினவுநர் வேண்டும். மூளையின் திறமையை உலகம் அறிவதற்கும் அவ்வாறே. வினாவைச் சரியான கணத்தில் விடுக்க மென்பொருள் உண்டு. வினாவைச் சரியான மொழியில் அமைக்க நாமே முன்வருதல் வேண்டும். இலங்கைத் தமிழரின் நாவிற் பழகிய சொற்களை நீளம், பழக்கம், ஒலி என்பன நோக்கித் தொகுத்து, உரிய படங்களுடன் ஒழுங்குசெய்து வைப்பின், எங்கோ ஓர் இயந்திர அறையில் அஞ்சிப் படுத்திருக்கும் ஒரு தாய்க்கு அது உதவும். இதற்குப் பெருஞ் செல்வம் வேண்டியதில்லை. தமிழாசிரியர் ஒருவர், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், ஆர்வமுள்ள மாணவர் சிலர், ஒரு கணினி இவை போதும். உயர்வகுப்பு மாணவர்கள் விடுமுறைக் காலத்திற் தத்தம் வீட்டு முதியோரிடம் சென்று, ஐம்பது படங்களைக் காட்டி, அவர்கள் கூறும் பெயர்களை எழுதிவருவார்களாயின், இப்பணி தொடங்கிவிட்டதென்றே கொள்ளலாம். மருத்துவத்திலும் பொறியியலிலும் சிறந்து விளங்கும் பழைய மாணவர்கள் அவர்களுக்கு வழிகாட்டுவார்களாக.